ஓரம் விட்ட கடிதம்

நீங்கள் ஒரே பக்கத்தில் ஐந்து பேர் எழுதுகிறீர்கள். ஒருவர் திருத்தினால் ஒரு நிறம், இன்னொருவர் திருத்தினால் வேறு நிறம். மூன்றாமவர் ஓரத்தில் கருத்துச் சொல்கிறார், நான்காமவர் கட்டைவிரலை உயர்த்துகிறார். போன மாதம் நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது இதையெல்லாம் காட்டி, "உங்க காலத்துல இந்த வசதியெல்லாம் இல்லையே சார்" என்று இரக்கப்பட்டீர்கள். இருந்தது. திரைக்குப் பதில் டவுன் பஸ் இருந்தது, அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். கூட்டாக எழுதினால் ஒரு நிறுவனத்தின் எழுத்து மேம்படும் என்று உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். பொய் என்று சொல்லமாட்டேன். அதே கூட்டு ஒரு நல்ல காகிதத்தைக் கெடுத்ததையும், ஒரு கெட்ட காகிதத்தைக் கெடுத்து ஓர் ஆளைக் காப்பாற்றியதையும் ஆறு மாத இடைவெளியில் பார்த்தவன் நான். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு என்பதால் எந்தத் தேதியில் எந்த வாக்கியம் செத்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், ஆகவே மாதத்தோடும் கிழமையோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

1996. காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் பணியகம் இருந்தது. நிறுவனங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுப்போம், அவர்களே எழுதியதைத் திருத்திக் கொடுப்போம். எழுதுவது நான். கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டுவது செய்யது. துபாயில் மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவார். அந்த மரியாதையோடு எல்லாக் கிண்டலையும் செய்வார்.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை, கிரைண்டர் கம்பெனிக்காரர் படியேறி வந்தார். மாவை அரைத்துவிட்டுச் சாய்த்து வழிக்கிற பெரிய கிரைண்டர் செய்யும் கம்பெனி. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நாலு பங்குதாரர்கள். ஊர்ப் பெயரால்தான் அவர்களைக் குறிப்பிடுவார்கள்: மூத்தவர் கோட்டையூரார், அடுத்தவர் இளையாத்தங்குடியார், கணவர் இறந்தபின் அவர் பங்கைப் பார்த்துக்கொண்ட நெற்குப்பை ஆச்சி, காரைக்குடியிலேயே இருந்து தொழிற்சாலையை நடத்திய சின்னவர். வந்தவர் சின்னவர்.

அவருக்கு ஒரு தொல்லை. விற்ற கிரைண்டர்களில் மோட்டார் கருகிக்கொண்டே இருந்தது. "எப்படிப் பயன்படுத்தணும்னு ஒரு தாள் எழுதிக் குடுங்க சார். கிரைண்டரோட வச்சுக் குடுத்துருவோம்" என்றார்.

காரணம் என்னவென்று அவர்களுடைய மெக்கானிக் ஆரோக்கியசாமியிடம் கேட்டேன். பதினோரு வருடமாக அங்கே இருப்பவர். கிரைண்டரை வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவதும் அவர்தான், கெட்டால் சரிசெய்வதும் அவர்தான். கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். ஊறவைத்த அரிசி முழுவதையும் கொட்டிவிட்டு அதன் பிறகு சுவிட்சைப் போடுகிறார்கள். பாரத்தோடு கிளம்ப முடியாமல் மோட்டார் முனகும், முனகி முனகிக் கருகும். கல் ஓடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது.

எட்டு வரியில் ஒரு பக்கம் எழுதினேன். முதல் வரியே இதுதான். திருத்துபவர்கள் வசதிக்காக இரண்டு பக்கமும் தாராளமாக ஓரம் விட்டேன். நல்ல பதிப்பகங்களில் அப்படித்தான் செய்வார்கள் என்று படித்திருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் பாதிக்குப் படிப்புதான் காரணம்.

காகிதம் உறையில் போய், முதலில் கோட்டையூராரிடமிருந்து திரும்பி வந்தது. ஒரு புள்ளிகூட வைக்கப்படவில்லை. பெரியவருக்கு ஒரு குறையும் தென்படவில்லை என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். சின்னவரோ காகிதத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"பெரியப்பச்சி கோவமா இருக்காக."

"ஒன்னும் எழுதலையே."

"அதத்தான் சொல்றேன். எங்க குடும்பத்துல காகிதத்தை வெறுமனே திருப்பி அனுப்புனா எனக்குச் சம்மதமில்லன்னு அர்த்தம். சம்மதம்னா ஒரு வரியாவது எழுதுவாக."

இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் அடிக்கக் கூடாது. பங்காளி எழுத்தை அடிப்பது பங்காளியையே அடித்த மாதிரி. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கோயில் காரியக் கடிதம் வரை எல்லாம் இப்படி வயது வரிசையில் வீடுவீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரி கூடித்தான் திரும்பியிருக்கிறது. சேர்க்கலாம், நீக்க முடியாது. சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கிரைண்டர் ஓடுவதற்கு இதைவிட மோசமான ஏற்பாட்டையும் பார்த்ததில்லை.

ஓரம் இருந்தாலும், பெரியவர் எழுதுவதற்கு விஷயம் எதையும் நான் விட்டுவைக்காததுதான் கோபத்துக்குக் காரணமாம். "கம்பெனியின் வரலாறு" என்று தலைப்பு மட்டும் போட்டுக் கீழே வெற்றிடம் விட்டு மறுபடி அனுப்பினேன். காகிதம் நாலு வீடும் சுற்றியது. கோட்டையூரார் தன் தகப்பனார் மலேயாவிலிருந்து திரும்பிவந்து தொழில் தொடங்கிய கதையை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். இளையாத்தங்குடியார் முதல் அரைவையை நல்ல நேரம் பார்த்து, இறைவனை வணங்கித் தொடங்க வேண்டும் என்பதை முதல் விதியாகச் சேர்த்திருந்தார். சின்னவர் எந்தெந்தச் சூழ்நிலையில் கம்பெனி பொறுப்பாகாது என்பதைப் பட்டியலிட்டிருந்தார். நெற்குப்பை ஆச்சி மட்டும் ஓரத்தில் ஒரே வரி: "எழுத்து பெரிசாக இருக்கட்டும்."

அதை மட்டும்தான் என்னால் நிறைவேற்ற முடியவில்லை. மற்ற மூவர் எழுதியதற்கும் இடம் கொடுக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

என்னுடைய பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் எழுத்தையும் ஒரே கை எழுதியதுபோல இழைத்துக் கொடுத்தேன். எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே அடுத்தவர் தொடங்குகிறார் என்று தெரியாது. மலேயாவின் கம்பீரத்துக்குப் பக்கத்தில் என் எட்டு வரி கொச்சையாகத் தெரிந்ததால் அதையும் உயர்த்தினேன். "இயந்திரத்தை இயக்கிய பின்னரே தானியங்களைச் சிறிது சிறிதாக இடுதல் நலம் பயக்கும்." எட்டுப் பக்கப் புத்தகம். இந்த வாக்கியம் ஆறாம் பக்கம், கடைசிப் பத்தி.

நாலு வீட்டுக்கும் பிடித்துப்போனது. கோட்டையூரிலிருந்து ஒரு டின் சீப்புச்சீடை வந்தது. செய்யது அதைத் தின்றுகொண்டே, "அண்ணே, இது கிரைண்டர் வாங்குறவுகளுக்கா, இல்ல கம்பெனி வாங்குறவுகளுக்கா?" என்று கேட்டார். என் வாய் நிறையச் சீடை இருந்தது.

தீபாவளிக்கு நிறைய கிரைண்டர் விற்றது. கார்த்திகையில் நிறைய மோட்டார் கருகியது.

அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை சின்னவர் என்னைத் தொழிற்சாலைக்கு வரச்சொன்னார். ஆரோக்கியசாமியும் நின்றுகொண்டிருந்தார். சின்னவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். அன்றும் உயர்த்தவில்லை.

"புத்தகமும் போட்டுக் குடுத்தாச்சு. விளக்கமா எல்லாம் இருக்கு. இதுக்கு மேலயும் மோட்டார் போகுதுன்னா மாட்டிக் குடுக்குற எடத்துலதான் கோளாறு. பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல வேற ஆள் பாத்துக்கிறேன்."

ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது. கிரைண்டரைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஊரில் வேறு கிரைண்டர் கம்பெனியும் கிடையாது. என் புத்தகத்தை ஆதாரமாக வைத்து அவரை அனுப்பப் போகிறார்கள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எழுதியது முதன்முதலாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டிருந்தது.

மறுநாள் அவரே எங்கள் மாடிக்கு வந்தார். கையில் ஒரு கட்டு. கருகிய மோட்டார்களைப் பார்க்கப் போன வீடுகளிலிருந்து சேகரித்த புத்தகங்கள். பெரும்பாலானவை பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை.

"இத ஒரு வீட்ல கிரைண்டர் ஆடுதுன்னு காலுக்குக் கீழ மடிச்சு வச்சிருந்தாக" என்று நசுங்கிய ஒன்றை எடுத்து மேலே வைத்தார். "ஆட்டம் நின்னுருச்சு. புத்தகத்தால நடந்த உபகாரம் அது ஒன்னுதான்."

"படிச்சவுக யாருமே இல்லையா?"

"நான் படிச்சேன். ரெண்டு தடவ. நம்ம கம்பெனிக்கு இம்புட்டுப் பெருமை இருக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா அரிசிய எப்பப் போடணும்னுதான் தேட வேண்டியிருக்கு."

"ஆறாம் பக்கம்" என்றார் செய்யது.

"ஆறாம் பக்கம் போறதுக்குள்ள மாவு புளிச்சிரும் தம்பி."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பதில் கோபம் காட்டியிருப்பேன். அவரோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "பொங்கலுக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் நாள் கணக்கில் கெட்டி என்பது ஊருக்குத் தெரியும். சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு அவரிடம், கிரைண்டரை ஒரு வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று என்ன சொல்வீர்களோ அதை இப்போது சொல்லுங்கள் என்றேன். சொன்னார். செய்யது அப்படியே அடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் மிகவும் சிரமப்பட்ட பத்து நிமிடம் அது.

"அரிசியக் கொட்டாதீங்க. மொதல்ல சுவிட்சப் போடுங்க. கல்லு ஓடட்டும். அப்புறம் கைகையா அள்ளிப் போடுங்க."

எழுதியாகிவிட்டது. இது நாலு வீட்டையும் உயிரோடு தாண்ட வேண்டுமே. இன்னொரு சுற்று விட்டால் மலேயா மறுபடி ஏறிக்கொள்ளும். வயது வரிசையை மீறி, மூன்றாவதாகப் போக வேண்டிய நெற்குப்பைக்கு முதலில் போனேன். நாலு பேரில் மாவு அரைப்பவர் ஆச்சி ஒருவர்தான் என்பது என் கணக்கு.

அடுக்களையிலேயே பேசினோம். ஆச்சி காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"இது நல்லாயிருக்கு. யார் எழுதுனது?"

"ஆரோக்கியசாமி சொன்னது ஆச்சி."

"அதான பாத்தேன். போன புத்தகம் யாருக்காக எழுதுனீக? நானே மூனாம் பக்கத்துல மூடி வச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே ஆச்சியின் கை மேசையில் பேனாவைத் தேடியது. எடுத்து மூடியைக் கழற்றிக் காகிதத்தின் ஓரத்தில் முனையை வைத்தபின்தான் தன் கையைத் தானே பார்த்தார். சிரித்துவிட்டார்.

"பாத்தீகளா, கை தானாப் போகுது. எடம் இருந்தா எழுதத்தான் செய்வாக. நானும் எழுதுவேன். நீங்க எதுக்கு இம்புட்டு எடத்த விடுறீக?"

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன், சந்தோஷமாக.

உள்ளங்கை அளவில் ஒரு ஸ்டிக்கர். நாலு வரி, பெரிய எழுத்து, நாலு பக்கமும் விளிம்பு வரை. ஒரு காற்புள்ளிகூட நுழைய இடமில்லை. பளபளப்பான தாள் என்பதால் பேனா மையும் ஒட்டாது. இது செய்யது தானாகச் செய்த ஏற்பாடு. உறையில் போட்டு முறைப்படி கோட்டையூருக்கு அனுப்பினோம். வெறுமனே திருப்பினால் சம்மதமில்லை என்றாகிவிடும், எழுதவோ இடமில்லை. பெரியவர் உறையின் மேலேயே பிள்ளையார் சுழி போட்டு "நன்று" என்று எழுதியிருந்தார். இளையாத்தங்குடியார் உறைக்குள் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருந்தார். ஆச்சி உறையின் பின்பக்கம், "எழுத்து பெரிசாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். ஸ்டிக்கர் தப்பித்தது.

புதிய கிரைண்டர்களில் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஏற்கெனவே விற்றவற்றுக்கு ஆரோக்கியசாமியே சைக்கிளில் வீடுவீடாகப் போய் ஒட்டினார். மார்கழியில் புகார் குறைந்தது. பொங்கலன்று சின்னவர் அவருக்கு வேட்டி சட்டை கொடுத்தார். பொங்கலுக்கு மேல் வேறு ஆள் என்ற பேச்சு வரவில்லை. அன்றைய நாட்குறிப்பில், "எழுத்தால் ஒரு வேலை காப்பாற்றப்பட்டது" என்று எழுதிக் கோடிட்டிருக்கிறேன். கோடிடும் பழக்கத்தை அதன் பிறகு விட்டுவிட்டேன்.

மாசி மாதம், வியாழக்கிழமை. சின்னவர் புகார்ப் பதிவேட்டோடு வந்தார். புரட்டிக் காட்டினார். அந்த மாதப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"உங்க ஸ்டிக்கர் பிரமாதம் சார்."

நன்றி சொன்னேன்.

"ஒரு மாசமா ஆரோக்கியசாமி சும்மா உக்காந்திருக்காரு. கிரைண்டர எறக்கி வைக்க வண்டிக்காரரே போதும். கெட்டுப்போனாத்தான மெக்கானிக்? எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. நீங்கதான் நல்லா எழுதுவீக. அவரு மனசு நோகாம, பங்குனியோட நிறுத்திக்கிறோம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

மோசமான புத்தகம் எழுதியபோது அவர் வேலை போக இருந்தது. நல்ல ஸ்டிக்கர் எழுதியதும் போயே போகிறது. செய்யது கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுக்கலாம். மறுத்தால் தெருவில் இருக்கும் தட்டச்சுக் கடையில் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுப்பார்கள், அவர் மனம் நோகும்படியாகவே. வாதாடலாம். சின்னவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதிவேட்டின் வெள்ளைப் பக்கத்தை மறுபடி காட்டுவார். "எழுதித் தர்றேன்" என்றேன். "ஆனா பதினோரு வருஷம் இருந்தவரு. பெரியவருக்குத் தெரியாம அனுப்பிட்டோம்னு நாளைக்கு வரக் கூடாதுல்ல? முறைப்படி நாலு வீட்டுக்கும் போயிட்டு வந்துரட்டும்."

சின்னவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அவர் படியிறங்கிப் போனதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். மரியாதையான, சிறிய வாக்கியம். செய்யது அடித்துவிட்டு ஓரத்தின் அளவைக் கேட்டார். சொன்னேன்.

"என்னண்ணே, காகிதத்துல பாதி ஓரமாவே இருக்கு."

"அளவு சரியாத்தான் இருக்கு. அடிங்க."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நான் சொல்லாமலே இன்னும் ஒரு விரற்கடை கூட்டினார்.

அடுத்து நடந்தது என் திட்டத்தில் இல்லை. அது என் சாமர்த்தியம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. வேலையில்லாமல் இருப்பவர் என்று, உறையை நாலு வீட்டுக்கும் கொண்டுபோகும் வேலையைச் சின்னவர் ஆரோக்கியசாமியிடமே கொடுத்துவிட்டார். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, மடியில் உறையை வைத்துக்கொண்டு, தன்னை நிறுத்தும் கடிதத்தை அவரே சுற்றுக்கு எடுத்துப் போனார். எனக்கு இது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. அன்று இரவு நான் நாட்குறிப்பு எழுதவில்லை. அந்த வருடத்தில் எழுதாத ஒரே நாள்.

செவ்வாய்க்கிழமை சின்னவர் காகிதத்தோடு வந்து என் மேசையில் வைத்தார். என் வாக்கியம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே கோட்டையூரார்: "இவர் நமது கம்பெனிக்குத் தூண் போன்றவர். இவர் காலத்தில் ஒரு வாடிக்கையாளரும் மனம் வருந்தியதில்லை." அடுத்து இளையாத்தங்குடியார்: "இறைவன் அருளால் இவருடைய பணி மேன்மேலும் சிறந்து பல்லாண்டு தொடர வேண்டும்." வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஆச்சி: "விற்ற கிரைண்டர்களை வருடம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொடுத்தால், அடுத்து வாங்குகிறவர்களும் நம்மிடம்தான் வருவார்கள். அதற்கு இவரே பொருத்தம். எங்கள் வீட்டில் தொடங்கலாம்."

"இத வச்சு அவர எப்படி அனுப்புறது?" என்றார் சின்னவர்.

"அனுப்பலாம். மொத வரி இருக்குல்ல."

"மொத வரிக்கும் மத்ததுக்கும் ஒட்டவே இல்லையே சார். நீங்க இழைச்சுக் குடுப்பீகளே, அது மாதிரி ஏதாவது..."

"இத இழைக்க முடியாது" என்றேன். "ஒன்னு மொத வரி நிக்கணும், இல்ல மத்த மூனு நிக்கணும்."

"மத்த மூனையும் நான் தொட முடியாது."

"முடியாது."

சின்னவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்கிற சத்தம் மேலே வரை வந்தது.

"மொத வரி நான் சொல்லி எழுதுனது" என்றார் மெதுவாக. "என் வரிய நானே அடிக்கலாம்ல? அதுக்கு ஒன்னும் முறை இல்லையே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

செய்யது பேனாவை எடுத்து நீட்டினார். சின்னவர் முதல் வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. எனக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்தின் காகிதம் ஒன்றில் விழுந்த முதல் அடித்தல் அதுதான்.

ஆரோக்கியசாமி அடுத்த வாரம் வந்தார். வருடாந்தரப் பார்வைக்கு அட்டை அடிக்க வேண்டுமாம். அட்டையின் வாசகத்தை அவரே சொன்னார், செய்யது அடித்தார், நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பழகிவிட்டது. வேலை முடிந்ததும் கேட்டேன்.

"அந்த உறைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"கோட்டையூர்லயே தெரிஞ்சு போச்சு. பெரியவர் படிச்சிட்டு என் மூஞ்சியப் பாத்தாக. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாக. காப்பி குடிச்சிட்டுப் போன்னாக. அவுக என்னைக்கு எனக்குக் காப்பி குடுத்தாக?"

"அதுக்கப்புறமும் மத்த வீட்டுக்கெல்லாம் கொண்டு போனீகளா?"

"உறையக் குடுத்தாக. கொண்டு போகணும்ல."

செய்யது அந்தக் கடிதத்தைச் சுத்தமாக மறுபடி அடித்து வைத்திருந்தார். முதல் வரி இல்லாமல், மூவர் பாராட்டும் வரிசையாக, அளவான ஓரத்தோடு. பார்க்க அழகாக இருந்தது. சின்னவர் கொடுக்கச் சொன்னதாகச் சொல்லி அதை நீட்டினேன். ஆரோக்கியசாமி வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம். கோடு போட்டு அடிச்சது இருக்குல்ல, அதக் குடுங்க."

கொடுத்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததைப் பின்னாளில் பார்த்தேன்.

உங்கள் திரையில் எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்ள ஒரே ஒரு பொத்தான் இருப்பதாகவும், அதை அழுத்தினால் யார் எதை அடித்தார்கள் என்ற சுவடே இல்லாமல் பக்கம் சுத்தமாகிவிடும் என்றும் சொன்னீர்கள். நல்ல வசதி. அழுத்துவதற்கு முன்னால் ஒருமுறை, அடித்த வரியைப் படித்துவிடுங்கள்.